தொடாமல் பிடிப்பது: வகுப்பறையில் சைகை வழிக் கற்றல் என்றால் என்ன?

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு தமிழ்வழிப் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். சித்தூர் தாலுகா. ஆந்திரச் சித்தூர் இல்லை, பாலக்காட்டுச் சித்தூர். போன வருடம் பெற்றோர் கூட்டத்தில் ஒரு அப்பா எழுந்து, "டீச்சர், இனிமே பிள்ளைங்க கையை ஆட்டினாப் போதும், கம்ப்யூட்டரே பாடம் எடுத்துருமாமே?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்தவர், "அது கண்ணாடி மாட்டிக்கிட்டுப் பார்க்கிறதுங்க" என்றார். பின்வரிசையில் ஒரு அம்மா, "ஸ்மார்ட் போர்டைத்தான் சொல்றாங்க, அது பக்கத்து ஸ்கூல்லயே இருக்கு" என்றார். அவர் கேட்டது ஒன்று, கிடைத்த பதில்கள் வேறு இரண்டு.

ஆசிரியர்களிடையேயும் இதே குழப்பம்தான். கருவி விற்க வருகிறவர்கள் எல்லாவற்றையும் "3டி கிளாஸ்" என்று ஒரே பையில் போட்டுவிடுகிறார்கள். அன்று கூட்டத்தில் நிதானமாகச் சொல்ல நேரமில்லை. சொல்ல நினைத்ததை இங்கே அடியிலிருந்து எழுதுகிறேன். கம்ப்யூட்டர் தெரியாதவர்களும் படிக்கலாம்.

முதலில் மூன்றையும் பிரித்துவிடுவோம்

ஸ்மார்ட் போர்டு என்பது தொடுதிரை. விரல் பலகையில் பட்டால்தான் அதற்குத் தெரியும். உங்கள் கைபேசியின் பெரிய அண்ணன், அவ்வளவுதான்.

தலையில் மாட்டும் கண்ணாடி, நம்மைச் சுற்றி வேறொரு இடம் இருப்பது போலக் காட்டுகிறது. அதைப் போட்டுக்கொண்டு கையைக் கட்டியபடி உட்கார்ந்தும் பார்க்கலாம். சில கண்ணாடிகள் கையையும் கவனிக்கும் என்றாலும், காட்டுவது ஒரு வேலை, கவனிப்பது இன்னொரு வேலை.

நாம் பேசப்போவது மூன்றாவதைப் பற்றி. பிள்ளையின் கையில் எதுவும் இல்லை, தலையிலும் எதுவும் இல்லை. அவள் காற்றில் கையை அசைக்கிறாள், கேமரா அதைப் பார்க்கிறது, திரையில் இருக்கும் பொருள் அதற்கேற்ப நகர்கிறது. இதற்குச் சைகை வழி ஊடாட்டம் என்று பெயர். திரையில் இருக்கும் அந்தப் பொருள் மெய்நிகர் பொருள். பாடப்புத்தகத்தில் அச்சான கூம்புக்கு ஒரு பக்கம்தான் உண்டு. கணினிக்குள் இருக்கும் கூம்புக்குப் பின்பக்கமும் அடிப்பக்கமும் உண்டு. திருப்பினால் காட்டும், வெட்டினால் வெட்டுமுகம் தெரியும். படத்துக்கும் மெய்நிகர் பொருளுக்கும் இதுதான் வித்தியாசம்.

முத்திரையும் பிடியும்

பொள்ளாச்சி மாட்டுச் சந்தைக்குப் போனவர்களுக்குத் தெரியும். தரகர்கள் கைமேல் துண்டைப் போட்டு, அதற்கு அடியில் விரலைத் தொட்டு விலை பேசுவார்கள். எந்த விரல் எவ்வளவு என்பது அவர்களுக்குள் ஒரு ஏற்பாடு. வெளியாள் அந்தத் துண்டுக்குள் கையை விட்டாலும் ஒன்றும் புரியாது. கதகளியில் 24 அடிப்படை முத்திரைகள் இருப்பதும் இப்படித்தான். ஆடுகிறவரும் பார்க்கிறவரும் பழகியிருந்தால்தான் பொருள் விளங்கும்.

டம்ளரை எடுத்துத் தண்ணீர் ஊற்றும் சைகையைக் காட்டினால் யாருக்கும் விளக்கம் வேண்டாம். அந்தச் செயலின் வடிவமே சைகையில் இருக்கிறது.

கணினியிலும் இந்த இரண்டு வகைகள் உண்டு. மூன்று விரலைக் காட்டினால் அடுத்த பக்கம், கட்டைவிரலை உயர்த்தினால் 'சரி' என்பது முத்திரை வகை. திரையில் இருக்கும் பொருளைக் கிள்ளிப் பிடித்து, நகர்த்தி, திருப்பி, விடுவது பிடி வகை. முத்திரை வகையைச் செய்வது எளிது. ஆனால் பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்ய வேண்டும். பாடத்தோடு இன்னொரு பாடம். வகுப்புக்கு நான் பிடி வகையைத்தான் விரும்புகிறேன். ஏன் என்று பின்னால் வருகிறேன்.

தோற்பாவைக்கூத்தும் கேமராவும்

சரி, கேமராவுக்குக் கை எப்படித் தெரிகிறது?

நம் மாவட்டத்துப் பகவதி கோயில்களில் தோற்பாவைக்கூத்து பார்த்திருப்பீர்கள். கம்பராமாயணப் பாட்டை மலையாள மண்ணில் இன்றும் இரவிரவாகச் சொல்லும் கூத்து அது. கூத்துமாடத்தில் வெள்ளைத் துணி கட்டி, பின்னால் 21 விளக்குகளை வரிசையாக ஏற்றுவார்கள். பாவையைத் துணியோடு ஒட்டிப் பிடித்தால் நிழல் தெளிவாக விழும். விளக்குப் பக்கம் கொண்டுபோனால் நிழல் பெரிதாகும், ஓரம் மங்கும். இப்போது துணிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் நம்மிடம் ஒரு நிழலை மட்டும் காட்டி, 'இது துணிக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய பாவையா, விளக்குக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னப் பாவையா' என்று கேட்டால்? நிழலின் அளவை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

சாதாரணக் கேமராவுக்கும் அதே சங்கடம்தான். அதற்குக் கிடைப்பது தட்டையான படம். சின்னக் கை பக்கத்தில் இருக்கிறதா, பெரிய கை தள்ளி இருக்கிறதா என்பது அந்தப் படத்தில் நேராக எழுதியிருக்காது. எவ்வளவு தூரத்தில் என்னும் இந்தச் செய்திக்கு ஆழம் என்று பெயர். பொருளைப் பிடித்து முன்னும் பின்னும் நகர்த்த வேண்டுமென்றால் ஆழம் தெரிந்தாக வேண்டும்.

இதற்கு இரண்டு வழிகள் வந்தன. ஒன்று, ஆழத்தை அளக்கவே தனிக் கேமரா. 2010-ல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட கினெக்ட் அப்படிப்பட்டது. கீற்றுப் பந்தலின் ஓட்டைகள் வழியே தரையில் வெயில் பொட்டுப் பொட்டாக விழும் அல்லவா? அங்கே கையை நீட்டினால் பொட்டுகள் கையின் மேல் இடம் மாறி விழும். எவ்வளவு மாறின என்று பார்த்தால் கை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று கணக்குப் போடலாம். கினெக்ட் செய்ததும் இதுதான். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைப் பொட்டுகளாகத் தெளித்து, அவை எங்கே விலகின என்று பார்த்தது. விளையாட்டுக்கு வந்த கருவியைப் பல நாட்டுப் பள்ளிகளில் பாடத்துக்கும் எடுத்துக்கொண்டார்கள். 2013-ல் லீப் மோஷன் என்ற சின்னப் பெட்டி வந்தது. மேசைமேல் வைத்தால் அதற்கு மேலே நீட்டிய விரல்களைப் பார்க்கும். 2017-ல் கினெக்ட் தயாரிப்பு நின்றது. அதை நம்பிப் பாடம் தயாரித்தவர்கள் திண்டாடினார்கள்.

இரண்டாவது வழியால்தான் இந்த விஷயம் நம் பள்ளிகளுக்கும் எட்டியிருக்கிறது. சாதாரண லேப்டாப் கேமராவே போதும். மீதியை மென்பொருள் ஊகித்துக்கொள்ளும். 2019-ல் கூகுள் வெளியிட்ட மீடியாபைப் அப்படி ஒன்று. ஏறக்குறைய 30,000 கைப் படங்களில் மூட்டுகள் எங்கே இருக்கின்றன என்று மனிதர்கள் குறித்துக் கொடுத்து அதைப் பழக்கினார்கள். கணினியே வரைந்த கைகளையும் கூடச் சேர்த்துக் காட்டினார்கள். விதியை எழுதித் தராமல், எடுத்துக்காட்டுகளைக் காட்டிக் காட்டிக் கணினியைப் பழக வைப்பதற்கு இயந்திரக் கற்றல் என்று பெயர். அத்தனை கைகளைப் பார்த்த பழக்கத்தில், புதிதாக ஒரு கையைக் கண்டால் மூட்டுகள் எங்கே, எது முன்னால், எது பின்னால் என்று அது ஊகிக்கிறது. ஊகம் என்ற சொல்லை மறக்க வேண்டாம், அளப்பது வேறு.

பாட்டியின் விரல் கணு

மீடியாபைப் கையை எப்படிப் பார்க்கிறது என்று பிள்ளைகளுக்கு விளக்க எனக்கு உதவியது பாட்டிகள் எண்ணும் முறை. கட்டைவிரல் நுனியால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுத் தொட்டு எண்ணுவார்களே, அது. உங்கள் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கட்டில் ஒரு புள்ளி. பிறகு ஒவ்வொரு விரலுக்கும் நான்கு: அடி மூட்டு, அடுத்த மூட்டு, அதற்கடுத்த மூட்டு, நுனி. ஐந்து விரலுக்கு 20, மணிக்கட்டோடு 21. கூத்துமாடத்து விளக்குகளும் 21 என்பது தற்செயல்தான், ஆனாலும் பிள்ளைகள் எண்ணிக்கையை மறக்காமல் இருக்க உதவியது.

மென்பொருள் முதலில் படம் முழுக்கத் துழாவி உள்ளங்கையைத் தேடுகிறது. விரலைத் தேடாமல் உள்ளங்கையைத் தேடுவதற்குக் காரணம் உண்டு. விரல்கள் மடங்கும், விரியும், ஒன்றையொன்று மறைக்கும். உள்ளங்கை அவ்வளவாக உருமாறாது. அது கிடைத்ததும் அந்த இடத்தை மட்டும் வெட்டியெடுத்து 21 புள்ளிகளைப் பொருத்துகிறது. அடுத்த படத்தில் மறுபடி முதலிலிருந்து தேடுவதில்லை. கை இப்போதுதானே இங்கே இருந்தது, பக்கத்தில்தான் இருக்கும் என்று அங்கேயே பார்க்கிறது. கை கண்ணில் படாமல் போனால் மட்டும் முழுத் தேடல் மீண்டும் தொடங்கும்.

இந்தப் புள்ளிகளுக்கு எண் உண்டு. மணிக்கட்டு 0, கட்டைவிரல் நுனி 4, ஆள்காட்டி விரல் நுனி 8, நடுவிரல் நுனி 12. கிள்ளுவது என்றால் கணினிக்கு என்ன? நான்காம் புள்ளிக்கும் எட்டாம் புள்ளிக்கும் இடையே தூரம் குறைந்துவிட்டது. அவ்வளவுதான். ஆனால் கை தள்ளிப் போனாலும் படத்தில் தூரம் குறைந்துதான் தெரியும். அதனால் அந்தத் தூரத்தை உள்ளங்கையின் அளவோடு ஒப்பிட்டுப் பார்க்கும்படி மென்பொருளை எழுதுகிறோம். இதுவும் விகிதக் கணக்குத்தான் என்று சொன்னபோது என் ஒன்பதாம் வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது.

பிள்ளைகள் நிரல் எழுதிப் பழகும் ஸ்கிராட்ச் மென்பொருளில் கை வைத்தவர்கள் ஒன்றைக் கேட்பார்கள்: "அதுலயும் கேமரா முன்னாடி கையை ஆட்டினா பூனை நகருதே?" அதிலுள்ள வீடியோ சென்சிங் வேறு மாதிரி. முந்தைய படத்துக்கும் இந்தப் படத்துக்கும் இடையே எவ்வளவு மாறியது, எந்தப் பக்கம் நகர்ந்தது என்று மட்டும் பார்க்கிறது. நகர்ந்தது கையா, திரைச்சீலையா, பின்னால் ஓடிய தம்பியா என்று அதற்குத் தெரியாது. தொடக்கத்துக்கு நல்லது. ஆனால் அதைக் கொண்டு எதையும் பிடிக்க முடியாது.

இதுவரை வந்ததை ஒருமுறை சேர்த்துப் பார்ப்போம். கேமரா நொடிக்குச் சுமார் 30 படங்கள் எடுக்கிறது. ஒவ்வொன்றிலும் கை 21 புள்ளிகளாகிறது. புள்ளிகளுக்கு இடையேயுள்ள தூரத்தை வைத்து 'பிடித்தாள்', 'விட்டாள்' என்று முடிவாகிறது. கணினிக்குக் கை என்பது இந்தப் புள்ளிகள்தான்.

கொசு விரட்டினால் பஸ் நிற்கலாமா?

கோபாலபுரம் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறீர்கள். காதோரம் கொசு. கையை வீசி விரட்டுகிறீர்கள். பொள்ளாச்சிப் பஸ் சடக்கென்று நின்று, கண்டக்டர் "ஏறுங்க, ஏறுங்க" என்றால் எப்படி இருக்கும்? மனித ஓட்டுநர் உங்கள் முகத்தையும் பார்க்கிறார், அதனால் தப்பித்தோம். கணினி அப்படிப் பார்ப்பதில்லை. கை எப்போதும் கேமராவின் முன்னால்தான் இருக்கிறது. தலை சொறிவது, தோழியிடம் பேசிக்கொண்டே கையை ஆட்டுவது எல்லாமே அதற்குக் கட்டளையாகத் தெரியும். பஸ்மாசுரன் கதைதான், தன் தலையென்றாலும் கை பட்டால் வரம் வேலை செய்துவிடும்.

இதைத் தீர்க்க ஒரு கிளட்ச் வேண்டும். டிராக்டரில் இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும்; கிளட்ச் சேர்ந்தால்தான் சக்கரத்துக்குப் போகும். பிடி வகைச் சைகையில் கிள்ளல்தான் கிளட்ச். விரல்கள் சேரும்வரை கை எங்கே அலைந்தாலும் பொருள் அசையாது. பொருளின் மேல் கை இருக்கும்போது விரல்கள் சேர்ந்தால் ஒட்டிக்கொள்ளும். விரல்கள் பிரிந்தால் அங்கேயே நிற்கும். முத்திரை வகையில் இந்தப் பிரிவு அவ்வளவு எளிதாக வருவதில்லை. நான் பிடி வகையை விரும்புவதற்கு இது முதல் காரணம்.

இன்னொரு சிக்கல் தாமதம்: கை அசைந்ததற்கும் திரையில் பொருள் அசைந்ததற்கும் இடையே போகும் நேரம். படங்களுக்கு இடையிலேயே நொடியில் முப்பதில் ஒரு பங்கு போய்விடுகிறது, அதற்குமேல் கணக்கு, அதற்குமேல் புரொஜெக்டர். மொத்தம் நொடியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் பொருள் கையில் இருப்பதாகத் தோன்றாது, கயிற்றில் கட்டி இழுப்பது போல இருக்கும். பழைய லேப்டாப்பில் மற்ற எல்லாவற்றையும் மூடிவிட்டுத் தொடங்குங்கள்.

கை எப்போது சிந்திக்க உதவுகிறது?

இந்தக் கட்டுரையை நான் எழுத உட்கார்ந்ததே இந்தப் பகுதிக்காகத்தான்.

கணினியை ஒரு நிமிடம் மறந்துவிடுவோம். சிகாகோ பல்கலைக்கழகத்தின் சூசன் கோல்டின்-மெடோவும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் 2009-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். 6 + 3 + 4 = __ + 4 என்பது போன்ற கணக்குகள். பிள்ளைகள் பெரும்பாலும் இடப்பக்கம் உள்ளதையெல்லாம் கூட்டி 13 என்று எழுதிவிடுவார்கள். ஒரு குழுவுக்கு, இரண்டு விரலை 'வி' போல விரித்து 6-ஐயும் 3-ஐயும் சுட்டி, பிறகு ஒற்றை விரலால் வெற்றிடத்தைச் சுட்டச் சொல்லிக்கொடுத்தார்கள். இந்த இரண்டையும் சேர்த்து அங்கே வை என்று யாரும் வாயால் சொல்லவில்லை, கைதான் சொன்னது. சரியான சைகை செய்த பிள்ளைகள், சைகையே இல்லாத பிள்ளைகளைவிட நன்றாகக் கற்றார்கள். அங்கே திரையும் இல்லை, கேமராவும் இல்லை.

ஆக, பலன் கருவியில் ஒட்டிக்கொண்டிருப்பது கிடையாது. கை செய்யும் அசைவின் வடிவமும் பாடத்தின் வடிவமும் ஒன்றாக இருக்க வேண்டும். பிடி வகையை நான் விரும்புவதற்கு இரண்டாவது காரணம் இதுதான்.

இதை வைத்துப் பார்த்தால் சந்தையில் விற்கும் பல 'சைகை விளையாட்டுகள்' எனக்கு ஒப்புவதில்லை. காற்றில் மிதக்கும் பலூன்களில் 7 × 6-க்கு விடையாகிய 42-ஐக் கையால் அடி என்பது ஒன்று. பிள்ளைகள் குதித்து அடிப்பார்கள், வகுப்பு கலகலவென்று இருக்கும். ஆனால் 42-ஐ அடிக்கும் கையும் 24-ஐ அடிக்கும் கையும் ஒரே மாதிரிதானே அசைகிறது? பெருக்கல் அந்த அசைவில் எங்கும் இல்லை. கையை வீசிப் பக்கம் திருப்புவதும் அப்படித்தான், விலை கூடிய ரிமோட்.

இதற்கு எதிர்ப்பக்கம் ஒரு நல்ல எடுத்துக்காட்டு. பெர்க்லியில் உள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டோர் ஆப்ரகாம்சன், விகிதசமத்தைக் கைகளால் கண்டுபிடிக்க வைக்கும் ஒரு அமைப்பைச் செய்தார். பிள்ளை இரண்டு கைகளையும் உயர்த்த வேண்டும். இரண்டு உயரங்களும் ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் இருந்தால் திரை பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. என்ன விகிதம் என்று சொல்லித்தர மாட்டார்கள்.

இதைப் போல ஒன்றை எங்கள் பள்ளியின் மாணவர் கணினிக் குழுவான லிட்டில் கைட்ஸ் பிள்ளைகள் மீடியாபைப் வைத்து எழுதினார்கள். ஏழாம் வகுப்பில் ஒரு மாணவி முன்வந்தாள். விகிதம் 1 : 2. இடது கையை மேசையிலிருந்து ஒரு சாண் உயரத்திலும், வலது கையை இரண்டு சாணிலும் எப்படியோ வைத்துப் பச்சையைப் பிடித்துவிட்டாள். நடுவில் இடைவெளி ஒரு சாண். அந்த இடைவெளி கெடாமல், தண்ணீர்க் குடத்தைத் தூக்குவது போல, இரண்டு கைகளையும் சேர்த்து மெல்ல உயர்த்தினாள். சிவப்பு. இறக்கினாள், பச்சை. மறுபடி அதே இடைவெளியோடு உயர்த்தினாள், சிவப்பு. முகம் சுருங்கியது. பிறகு வலது கையை மட்டும் இன்னும் கொஞ்சம் மேலே தள்ளினாள். பச்சை. அங்கேயே நிறுத்திக்கொண்டு இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"டீச்சர், மேல போகப் போக நடுவுல இருக்கறதும் வளரணும்."

கரும்பலகையில் எழுதச் சொன்னேன். 1-2, 2-4, 3-6. நடுவில் 1, 2, 3. விகிதக் கணக்கில் பிள்ளைகள் செய்யும் பெரிய தவறே, பெருக்க வேண்டிய இடத்தில் கூட்டுவது. இரண்டு பக்கமும் ஒரே எண்ணைக் கூட்டினால் விகிதம் மாறாது என்று நினைப்பார்கள். நான் வருடா வருடம் வாயால் திருத்திய தவறு அது. அன்று அவள் கையே செய்து, கையே திருத்திக்கொண்டது. பாடமும் அசைவும் ஒன்று என்று நான் சொல்வது இதைத்தான்.

கூம்பை வெட்டுவதும் இந்த வகையில் சேரும். விரித்த உள்ளங்கையே கத்தி. கையைக் கிடையாக வைத்தால் வெட்டுமுகம் வட்டம், கொஞ்சம் சாய்த்தால் நீள்வட்டம், கூம்பின் சாய்ந்த பக்கத்துக்கு இணையாகச் சாய்த்தால் பரவளையம். கை சாயச் சாயக் கோடு மாறுவதைக் கண்ணால் தொடரலாம்.

எதற்கு வேண்டாம்

கையில் கிடைப்பதை மெய்நிகராகக் காட்டாதீர்கள். நிலவின் வளர்பிறை தேய்பிறைக்கு இருட்டறை, ஒரு பல்பு, ஒரு பந்து போதும், அதுவே நல்லது. கூம்பு வெட்டுக்குக்கூட நான் முதலில் கேரட்டைத்தான் வெட்டச் சொல்கிறேன். கேரட்டை ஒரு தடவைதான் வெட்ட முடியும், அப்புறம்தான் திரைக்கு வருகிறோம். எடை, சூடு, சொரசொரப்பு எதையும் மெய்நிகர் பொருள் தராது. பிடித்த கைக்கு ஒன்றும் உறைக்காததால், பிடிபட்டதும் நிறம் மாறவோ 'டக்' என்று ஓசை வரவோ செய்ய வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளைகள் விரலை இறுக்கிக்கொண்டே இருப்பார்கள்.

வகுப்பில் வரும் தகராறுகள்

கருவி பெரிய தடை இல்லை. கேரளத்தில் 2018-ல் தொடங்கிய ஹைடெக் பள்ளித் திட்டத்தில் 45,000 வகுப்பறைகளுக்கு லேப்டாப்பும் புரொஜெக்டரும் வந்தன. தடை வேறு இடங்களில் இருக்கிறது.

முதல் எதிரி ஜன்னல். பிள்ளைக்குப் பின்னால் வெளிச்சம் இருந்தால் கை கறுப்பு நிழலாகிவிடும், புள்ளிகள் தாறுமாறாகத் துள்ளும். கேமராவை ஜன்னல் பக்கம் வைத்து, பிள்ளையை அதைப் பார்த்து நிறுத்துங்கள். அகச்சிவப்பு ஒளியில் வேலை செய்யும் கருவி என்றால் நேர் வெயிலே படக்கூடாது. வெயிலிலும் அகச்சிவப்பு இருக்கிறது.

இரண்டாவது, கைவலி. கையை நெஞ்சுக்கு மேல் நீட்டி வைத்திருக்க இரண்டு நிமிடம்கூட முடியாது. முழங்கையை மேசையில் ஊன்றிச் செய்யக்கூடிய சைகையாக அமையுங்கள்.

மூன்றாவது, மறைப்பு. சந்தைத் தரகர் துண்டுக்கு அடியில் இருக்கும் விரலைத் தொட்டு அறிவார். கேமராவால் முடியாது. ஒரு கை இன்னொன்றுக்குப் பின்னால் போனால் புள்ளிகள் வெறும் ஊகம்.

பெற்றோர் கேட்க வேண்டிய ஒன்றும் உண்டு: பிள்ளையின் படம் எங்கே போகிறது? மீடியாபைப் போன்றவை லேப்டாப்புக்குள்ளேயே ஓடும், படம் வெளியே போக வேண்டிய தேவையே இல்லை. 2023-ல் வந்த நம் தனிநபர் தரவுச் சட்டம், 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. படத்தை வெளியே அனுப்பும் மென்பொருளைப் பள்ளிக்குள் விடாதீர்கள்.

நம் பக்கத்துக்கு ஒரு நன்மையைச் சொல்ல வேண்டும். எங்களுக்கு வரும் காணொளிகளும் பயிற்சிகளும் பெரும்பாலும் மலையாளத்தில் வருகின்றன, மென்பொருள் பட்டியல்கள் ஆங்கிலத்தில். தமிழ்வழிப் பிள்ளை இரண்டு மொழிகளைத் தாண்டித்தான் கணக்குக்கு வர வேண்டும். கூம்பைப் பிடித்துத் திருப்ப அவளுக்கு எந்த மொழியும் வேண்டியதில்லை. கண்டுபிடித்ததைப் பிறகு தமிழிலேயே சொல்கிறாள்.

கடைசியாக ஒன்று. ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையனுக்குச் சின்ன வயதில் முறிந்த ஆள்காட்டி விரல் வளைந்தபடி சேர்ந்துவிட்டது. அவன் எவ்வளவு கிள்ளினாலும் கூம்பு பிடிபடவில்லை. மற்றவர்கள் "இன்னும் இறுக்கு, இன்னும் இறுக்கு" என்று கத்தினார்கள். அவன் கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு பின்னால் போனான். அடுத்த நாள் மதியம் அவனையே லேப்டாப் முன் உட்கார வைத்து, கிள்ளலைக் கண்டுபிடிக்க மென்பொருளில் எழுதியிருந்த அந்த வரியைக் காட்டினேன்: நான்காம் புள்ளிக்கும் எட்டாம் புள்ளிக்கும் இடையே உள்ள தூரம். கொஞ்ச நேரம் தன் கையைப் பார்த்தான். கட்டைவிரலால் கணுக்களைத் தொட்டு எண்ணினான். 8-ஐ அழித்துவிட்டு 12 என்று தட்டினான். பிறகு எழுந்து போய்க் கேமரா முன்னால் நின்று, கட்டைவிரலையும் நடுவிரலையும் சேர்த்தான்.